பலாப்பிஞ்சும் கற்கோயிலும்

ஜகார்த்தாவிலோ பண்டுங்கிலோ படிக்கிற ஒரு மாணவருக்கு இரண்டு நாள் ஓய்வும் கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தால், அவர் ரயிலேறிப் போகிற ஊர் பெரும்பாலும் யோக்யகர்த்தாவாக இருக்கும். ஜாவாவின் நடுவில் இருக்கிற அந்த ஊரை எல்லாரும் ஜோக்ஜா என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு வண்டியைப் பிடித்தால் விடியும்போது துகு நிலையம்; மலிவான டிக்கெட் என்றால் லெம்புயாங்கான் நிலையம். அதன்பிறகு நடப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சனிக்கிழமை போரோபுதூர், மாலையில் மாலியோபோரோ கடைத்தெரு, ஞாயிறு காலை கிராத்தோன் எனப்படும் சுல்தான் அரண்மனை, பிற்பகல் பிரம்பானன், இரவு திரும்பும் வண்டி. சாப்பாடு இவற்றுக்கு நடுவே, பசித்த நேரத்தில், கண்ணில் பட்ட இடத்தில் நடந்துமுடியும். பார்ப்பதுதான் பயணம், தின்பது அதன் இடைவேளை என்கிற இந்த ஏற்பாடு தலைகீழானது என்று நினைக்கிறேன். கற்கோயில்களின் வரலாறு அறிஞர்களால் படிக்கப்பட்டு, அரசால் அடுக்கப்பட்டு, நுழைவுச்சீட்டுப் பின்பக்கத்தில் அச்சாகியும் விட்டது. தெருச் சாப்பாட்டின் வரலாறு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதை வாசிக்க மாணவரின் கண்ணும் மாணவரின் பணப்பையுமே போதும். ஆகவே சாப்பாட்டைத் திட்டமாக வைத்துக்கொண்டு, கோயில்களை அதன் வழியில் பார்த்துக்கொள்வதே இரண்டு நாளுக்கு உகந்தது.

இந்த வாதம் எந்த ஊருக்கும் பொருந்திவிடாது. ஜோக்ஜாவுக்குப் பொருந்துவதற்குக் காரணம், அந்த ஊரை இன்றைய வடிவில் ஆக்கியதே மாணவர்கள்தான். டச்சுக்காரர்கள் ஜகார்த்தாவுக்குத் திரும்பி வந்துவிட்ட நிலையில், 1946 ஜனவரியில் புதிய குடியரசின் தலைநகரம் ஜோக்ஜாவுக்கு இடம்பெயர்ந்தது. சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ குடியரசின் பக்கம் நின்றார். 1949 டிசம்பர் 19 அன்று கஜா மாடா பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. அரண்மனையின் முன்மண்டபங்களான பகெலாரானிலும் சித்திஹிங்கிலிலும் வகுப்புகள் நடந்தன. அரசர் கொலுவிருந்த இடத்தில் சட்டக் கல்லூரிப் பையன்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். தீவுகள் பலவற்றிலிருந்து இளைஞர்கள் வந்து குவிய, ஊர் முழுக்க ‘கோஸ்’ எனப்படும் வாடகை அறைகள் முளைத்தன. அந்த அறைகளில் அடுப்படி இருப்பது அபூர்வம். ஆக, ஆயிரக்கணக்கான வயிறுகளுக்குத் தெருதான் சமையலறை. இன்றும் மாதத்தின் கடைசி வாரத்தை இந்தோனேசிய மாணவர்கள் ‘தங்கால் துவா’ என்கிறார்கள், தேதிக்கு வயதாகிவிட்டதாம். வீட்டிலிருந்து பணம் வருகிற முதல் வாரத்துத் தேதிகள் இளமையானவை. ஒரு நகரத்தின் உணவுப் பழக்கத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பொருளாதாரச் சொல் எனக்குத் தெரியவில்லை.

மாணவர் எதைப் பார்க்கவேண்டும் என்பதில் அரசுக்கும் ஒரு கருத்து உண்டு. அது 2022 ஜூன் மாதத்தில் பளிச்சென்று வெளிப்பட்டது. போரோபுதூரின் கற்படிகள் தேய்வதைத் தடுக்க, மேலே ஏறுவோர் எண்ணிக்கையை நாளுக்கு 1,200 ஆகக் குறைப்பது, உள்நாட்டுப் பயணிகளிடம் 7,50,000 ரூபியாவும் வெளிநாட்டவரிடம் 100 டாலரும் வசூலிப்பது என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. 7,50,000 ரூபியா என்பது நம் கணக்கில் அன்று ஏறக்குறைய 4,000 ரூபாய். யோக்யகர்த்தா மாநிலத்தின் அந்த ஆண்டுக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் சுமார் 18,40,000 ரூபியா. அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுத்தால்தான் ஓர் ஆள் மேலே ஏறலாம். ஆனால் மாணவர்களுக்கு மட்டும் 5,000 ரூபியா என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கட்டண உயர்வு கைவிடப்பட்டது. கைவிட்டது நல்லதுதான். எனக்குச் சுவையாகப் படுவது அந்த 5,000. மற்றவர்களுக்கு அது சுற்றுலா, மாணவர்களுக்குப் பாடம் என்கிற எண்ணம் அதில் இருக்கிறது. பாடம்தான், சந்தேகமில்லை. என்ன பாடம் என்பதே கேள்வி.

போரோபுதூரின் எண்களை எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிப்பார்கள்: ஒன்பது தளங்கள், 504 புத்தர் சிலைகள், உச்சியில் சல்லடைக் கண்ணிட்ட 72 தூபிகள், 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள். அவர்கள் அவசரமாகக் கடந்துபோவது அடித்தளத்தை. அங்கே அந்தப் பலகைகளில் 160 கல்லுக்குப் பின்னால் மூடிக்கிடக்கின்றன. கர்மவிபங்கம் எனப்படும் அந்த வரிசை, செய்த வினையும் அதன் பயனும் பற்றியது. ஆகவே அதில்தான் சாதாரண மனிதர்கள் இருக்கிறார்கள். மீன் பிடிக்கிறார்கள், சமைக்கிறார்கள், கூடி உண்கிறார்கள், குடிக்கிறார்கள், வீண் பேச்சு பேசுகிறார்கள். மீனையும் ஆமையையும் கொதிக்க வைத்தவர்கள் அடுத்த காட்சியில் நரகத்துக் கொப்பரையில் தாமே கொதிக்கிறார்கள். கட்டடம் சரியாமல் இருக்கத்தான் அடியில் கூடுதல் கல் அடுக்கி இவற்றை மறைத்தார்கள் என்பது பலரும் ஏற்கிற விளக்கம். 1885இல் ஐஸர்மான் என்கிற டச்சுக்காரர் இவை இருப்பதைக் கண்டுபிடித்தார். 1890, 91இல் கற்களைப் பெயர்த்து, ஜோக்ஜாவைச் சேர்ந்த காசியன் செஃபாஸ் என்கிற ஜாவானியப் புகைப்படக்காரரை வைத்து எல்லாவற்றையும் படமெடுத்து, மறுபடி மூடிவிட்டார்கள். தென்கிழக்கு மூலையில் சில பலகைகள் மட்டும் இன்று திறந்திருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டு ஜாவாக்காரர் என்ன தின்றார் என்பதற்கான சாட்சியம் அந்தப் பெருங்கோயிலின் காலடியில் நசுங்கிக் கிடக்க, பயணிகள் அதன்மீது ஏறிச் சுற்றிப் பார்க்கிறார்கள். கட்டடம் உறுதியாக நிற்கவேண்டும் என்று செய்த வேலை இது, யார்மீதும் குற்றமில்லை. ஆனாலும் பெருங்கற்களின் இயல்பு இதில் தெரிகிறது. அவை மேலே இருப்பதைக் காட்டும். கீழே இருப்பது தெரியவேண்டுமானால் வேறெங்காவதுதான் போகவேண்டும்.

அந்த வேறிடம், துகு ரயில் நிலையத்தின் வடக்குச் சுவரோரம் அந்தி சாயும்போது திறக்கிறது. அங்கிரிங்கான் என்பது ஒரு தள்ளுவண்டி. மேலே தார்ப்பாய், ஓரத்தில் கரி அடுப்பு, அதன்மேல் மூன்று கெட்டில்கள், எதிரே ஒரு பெஞ்சு. வண்டிப் பலகையில் வாழையிலையும் காகிதமும் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்கள். அவற்றின் பெயர் செகோ குச்சிங், பூனைச் சோறு. ஒரு கைப்பிடிச் சோறு, அதன்மேல் ஒரு துளி சம்பாலும் நெத்திலிக் கருவாடும்; பூனைக்கு வைப்பது போன்ற அளவு. விலை 2,000, 3,000 ரூபியாவைச் சுற்றி இருக்கும், நம் ஊரில் ஒரு டீயின் விலை. கோழிக்குடல், காடை முட்டை ஆகியவற்றைக் குச்சியில் கோத்துவைத்திருப்பார்கள். கேட்டால் கரியில் வாட்டித் தருவார்கள். இஞ்சித் தண்ணீர் உண்டு. கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டை அப்படியே கோப்பைக்குள் போட்டுத் தருகிற ‘கோப்பி ஜோஸ்’ உண்டு. அந்தப் பெயர் கரி முங்கும்போது எழும் ஓசை. கரி காபியின் அமிலத்தைக் குறைக்கிறது என்று குடிப்பவர்கள் சொல்வார்கள். என் பார்வையில் அது வேடிக்கைக்காக வந்து வியாபாரமாக நிலைத்த ஒன்று.

அந்த வண்டியின் பின்னால் ஓர் இடப்பெயர்வு இருக்கிறது. அங்கிரிங்கான் ஜோக்ஜாவின் அடையாளமாகிவிட்டாலும் அதைக் கொண்டுவந்தவர்கள் கிழக்கே இருக்கும் கிளாத்தேன் வட்டாரத்துக் கிராமத்தார். 1950களில் அங்கிருந்து வந்த பாய்ரோ என்பவர்தான் ஜோக்ஜாவில் தொடங்கிவைத்தார் என்பது ஊரறிந்த செய்தி. அப்போது வண்டி கிடையாது. தோளில் காவடி போலத் தடி, இருபுறமும் தொங்கும் பெட்டிகள். விளைச்சல் பொய்க்கும் வறண்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ப்பசியின் அளவிலேயே பொட்டலம் கட்டினார்கள் போலும். அந்தச் சிறிய அளவுதான் தங்கால் துவா வாரத்து மாணவருக்கு வசதியாகிப்போனது. இருக்கிற காசுக்கு இரண்டு, காசு இருந்தால் ஐந்து. அதே வண்டியைச் சோலோ நகரத்தில் ‘ஹிக்’ என்கிறார்கள். ஒரு பெஞ்சில் பேராசிரியரும் பேச்சா ரிக்‌ஷாக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள் என்று இந்தோனேசியப் பத்திரிகைகள் மெய்சிலிர்த்து எழுதும். உட்காருவது உண்மைதான், எழுந்து போன பிறகு அவரவர் அவரவர் இடத்துக்குப் போய்விடுவதும் உண்மைதான்.

அடுத்த சான்று இன்னும் எளியது. மாணவர் விடுதிகள் இருக்கிற எந்தச் சந்திலும் இரவெல்லாம் விளக்கெரியும் கடை ‘புர்ஜோ’. புபூர் கச்சாங் ஈஜோ என்பதன் சுருக்கம். பச்சைப்பயற்றைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து வேகவைத்த கஞ்சி. நம் பாசிப்பயறுப் பாயசத்தைத் தெரிந்தவருக்கு அறிமுகமே தேவையில்லை. கடைக்காரர்கள் பெரும்பாலும் ஜோக்ஜாவினரே இல்லை. மேற்கு ஜாவாவின் குனிங்கான் மாவட்டத்துச் சுண்டானியர்கள். மத்திய ஜாவா மாணவர்கூட அவரைச் சுண்டானிய முறையில் ‘ஆ’ஆ’, அதாவது அண்ணா என்று கூப்பிடுவார். பெயரளவில்தான் அது கஞ்சிக்கடை. விற்பதில் பெரும்பகுதி இண்டோமி நூடுல்ஸ். சில கடைகள் பெயரையே ‘வார்மிண்டோ’ என்று மாற்றிக்கொண்டுவிட்டன. உலகில் உடனடி நூடுல்ஸ் தின்பதில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தோனேசியாவுக்கு. ஆண்டுக்கு 1,400 கோடிப் பொட்டலங்கள் போலச் செலவாகின்றன. கோதுமையோ அந்த நாட்டில் விளைவதே இல்லை எனலாம். 1960களின் கடைசியில் அமெரிக்க உணவு உதவியாக வந்து இறங்கிய கோதுமையும், 1970களின் தொடக்கத்தில் ஜகார்த்தா துறைமுகத்தில் எழுந்த பெரும் மாவு ஆலையும், 1972இல் வந்த இண்டோமியும், 1980களின் தொடக்கத்தில் வந்த அதன் மீ கோரெங் என்கிற வறுத்த வகையும் சேர்ந்து ஒரு தலைமுறைக்குள் அரிசி தின்னும் நாட்டின் நாக்கை மாற்றின. முதல் அதிபர் சுகர்னோ காலத்தில் தொகுக்கத் தொடங்கி 1967இல் வெளியான ‘முஸ்திகா ராசா’ என்கிற அரசாங்கச் சமையல் புத்தகம், எல்லாத் தீவுகளிலிருந்தும் 1,600க்கு மேற்பட்ட செய்முறைகளைத் திரட்டியது. சொந்த மண்ணின் விளைச்சலைத் தின்று தன்காலில் நிற்கவேண்டும் என்பது அதன் அடிநாதம். அது அச்சாகி வந்தபோது சுகர்னோவின் அதிகாரம் போய்விட்டிருந்தது. புர்ஜோவின் ஒரே மேசையில் கஞ்சியும் நூடுல்ஸும் அருகருகே வருவதைப் பார்க்கிற மாணவர் சுகர்னோவின் ஆட்சியையும் அதற்குப் பின் வந்த ஆட்சியையும் சேர்த்துப் பார்க்கிறார். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற டெம்பேயும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சோலோ எனப்படும் சூரகர்த்தாவின் அரண்மனையில் இயற்றப்பட்ட ‘செராத் செந்தினி’யிலேயே பெயர் வருகிற அசல் ஜாவானியப் பண்டம் அது. இன்று அதற்கான சோயா பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே டெம்பே கட்டுபவர்கள் உற்பத்தியை நிறுத்திப் போராடுகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கோயிலுக்குச் சாசனம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. சாப்பாட்டு வரலாறோ கடைக்காரர் கதை, கேட்டவர் கட்டிய கதை, அதை நம்பி எப்படிப் பயணம் போவது என்று கேட்கலாம். ஜோக்ஜாவின் தலையாய உணவான குடெக்கை எடுத்தால் இந்த மறுப்பு வலுவாகவே தெரிகிறது. பலாப்பிஞ்சைத் தேக்கிலையோடு சேர்த்து, தேங்காய்ப்பாலும் தென்னங்கருப்பட்டியும் ஊற்றி மணிக்கணக்காகச் சிறுதீயில் வைத்தால், அது செம்பழுப்பேறி, நார் நாராகக் குழைந்து, தித்திப்பாக வரும். மேலே கெட்டித் தேங்காய்ப்பால், பக்கத்தில் வேகவைத்த முட்டையும் கோழியும், அந்தத் தித்திப்பை அடக்க மிளகாய் போட்ட மாட்டுத்தோல் வற்றல். சோற்றோடு இனிப்பா என்று நம்மவர் முகம் சுளிக்கலாம். பிற தீவுக்காரர்களே சுளிக்கிறார்கள். ஏன் இவ்வளவு இனிப்பு என்பதற்கு இந்தோனேசியப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற விடை ஒன்றுண்டு. 1830இல் டச்சுக்காரர் கொண்டுவந்த கட்டாயப் பயிர் முறையில் வயலெல்லாம் கரும்பாகி, அரிசி அற்றுப்போய், மக்கள் சர்க்கரையைத் தின்று பழகினார்கள் என்பது அந்த விடை. கேட்க நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் பலவீனமான கதை. அந்தக் கட்டாய முறை ஜோக்ஜா, சோலோ ஆகிய சமஸ்தானப் பகுதிகளில் நேரடியாக நடைமுறையில் இருக்கவில்லை. அங்கே ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அரச குடும்பத்தாரிடமும் பிரபுக்களிடமும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டார்கள். அதைவிட முக்கியம், மரபான குடெக்கில் கரும்புச் சர்க்கரை சேர்வதில்லை. அதன் தித்திப்பு தென்னம்பாளையிலிருந்து வருகிறது. கரும்பாலைகளுக்கு எவ்வளவோ முன்பிருந்தே ஜாவாக்காரர் மரமேறிப் பதநீர் இறக்கியிருக்கிறார்கள். மேற்கே குலோன் புரோகோ மலைச்சரிவுகளில் இன்றும் இறக்குகிறார்கள்.

ஆக, கடைத்தெருக் கதை பாதி தவறு. இதனால் என் வாதம் சாய்கிறதா? சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததால்தான் கதையில் ஓட்டை தெரிந்தது. ஒரு மாணவருக்கு வேண்டியது இதுதான். சான்று கண்முன்னால் இருக்கவேண்டும், கதையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியவேண்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கவேண்டும். கரும்பின் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பினால் நகரத்துக்குத் தெற்கே மதுகிஸ்மோ ஆலை நிற்கிறது. டச்சுக்கால ஆலைகள் பொருளாதார மந்தத்திலும் புரட்சிப் போரிலும் அழிந்துபோனபின், பழைய ஆலையொன்று இருந்த இடத்தில் கட்டப்பட்டு 1958இல் சுகர்னோ திறந்துவைத்தது. அங்கிரிங்கானில் தருகிற டீ பாகு போல இனிப்பதற்கு அந்தப் பக்கம்தான் பதில் தேடவேண்டும், குடெக்குக்கு அல்ல. கதை கட்டுவதில் கோயில்களும் சளைத்தவை இல்லை. பிரம்பானனில் வடக்குக் கருவறையில் நிற்கிற மகிஷாசுரமர்த்தினியை ஊரார், கல்லாகச் சபிக்கப்பட்ட ரோரோ ஜொங்ராங் என்கிற இளவரசி என்றுதான் சொல்கிறார்கள். ஓர் இரவில் ஆயிரம் கோயில் கட்டச் சொன்னவளாம், ஆயிரமாவது சிலை அவளேயாம்.

கதைக்குள் சொல்லின் வேரும் புதைந்திருக்கலாம் என்பதற்கு அபெம் ஒரு நல்ல உதாரணம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் புளிக்கவைத்துச் சுடுகிற வட்டமான பணியாரம். சுல்தான் அரியணை ஏறிய நாளின் ஆண்டு விழாவுக்கு அரண்மனையில் ராணியும் இளவரசிகளும் முன்னின்று இதைச் சுடுகிற சடங்குக்கு ‘ஙாபெம்’ என்று பெயர். கிளாத்தேனுக்கு அருகே ஜாத்தினோமில் சபர் மாத வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு டன் கணக்கில் அபெத்தைக் கூட்டத்தின்மீது வீசுவார்கள். மன்னிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பது மக்களின் விளக்கம்; அதனால்தான் நோன்புக்கு முந்தைய மாதத்தில் முன்னோர்க்குப் படைக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அகராதிக்காரர்கள் காட்டுவது நம் அப்பத்தை. கப்பல் ‘கப்பால்’ ஆகவும் கடை ‘கெடாய்’ ஆகவும் முதல் ‘மோடால்’ ஆகவும் போய்ச்சேர்ந்த அதே கடல்வழியில் அப்பமும் போயிருக்கிறது. இதை வைத்து நாம் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. சொல் நம்முடையது, அதற்குள் ஓர் அரபுப் பொருளை ஊற்றி, ஜாவானிய முன்னோர் வழிபாட்டில் வைத்துப் புளிக்கவைத்தது அவர்களுடைய வேலை. பூரணம் வைத்துச் சுடுகிற சிறு பண்டமான பக்பியாவிலும் இதே கைவண்ணம்தான். ஹொக்கியன் சீனத்தில் ‘பக்’ என்றால் இறைச்சி. ஜோக்ஜாவின் பாத்தோக் பகுதியில் அது முஸ்லிம்களும் தின்னத்தக்க பச்சைப்பயற்றுப் பூரணமாயிற்று. வீட்டு எண்களே வியாபாரப் பெயர்களாகி, 25 நல்லதா 75 நல்லதா என்று இன்றும் சண்டை நடக்கிறது.

பிரம்பானனைத் தவிர்க்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. கி.பி. 856ஆம் ஆண்டுச் சாசனம் பேசுகிற, 47 மீட்டர் உயரச் சிவன் கோயிலைத் தவிர்க்கச் சொல்ல எனக்குத் துணிவு கிடையாது. அதன் தெற்குக் கருவறையில் தொப்பையும் தாடியுமாக அகத்தியர் நிற்கிறார். பொதிகைக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுகிற முனிவருக்கு ஜாவாவில் சிவனின் பக்கத்திலேயே இடம் என்பது எந்தத் தமிழ் மாணவரையும் ஒரு நிமிடம் நிறுத்தும். நான் சொல்வது, எப்படிப் போவது என்பதைப் பற்றி. 2021இல் தொடங்கிய ஜோக்ஜா–சோலோ மின்ரயிலில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 8,000 ரூபியா. பிரம்பானன் நிலையத்தில் இறங்கி, ஊர்ச்சந்தை வழியாகச் சாப்பிட்டுக்கொண்டே நடந்து போகிறவர் கோயிலை ஒரு வட்டாரத்தின் நடுவில் இருக்கிற ஒன்றாகப் பார்ப்பார். வாகன நிறுத்தத்தில் இறங்குகிறவருக்கு அது புல்வெளியில் வைத்த ஒரு பொருள். அந்த நடையில் இன்னொன்றும் புலப்படும். முதலில் இருந்த 240 கோயில்களில் பெரும்பாலானவை இன்னும் கற்குவியல்கள். மூலக் கற்களில் முக்கால்வாசியாவது கிடைத்தால்தான் திரும்ப எழுப்பலாம் என்பது விதி. சிவன் கோயில் எழுந்து முடிந்ததே 1953இல். நாம் ஒன்பதாம் நூற்றாண்டு என்று அண்ணாந்து பார்ப்பது குடியரசு ஒன்று தன் கடந்த காலத்தைத் தேர்ந்து அடுக்கிய வேலையும்தான்.

எனக்கே உறுத்துகிற மறுப்பு வேறு. மலிவான சாப்பாட்டைப் புகழ்வது, மலிவாக உழைப்பவரின் தலையில் ஏறி நிற்பதாகாதா? பூனைச் சோறு மலிவாக இருப்பதற்குக் காரணம் ஜோக்ஜாவில் எல்லாக் கூலியும் மலிவு என்பதே. நாட்டிலேயே குறைந்தபட்ச ஊதியம் மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் அது ஒன்று. வருமான ஏற்றத்தாழ்விலோ முன்வரிசை. கல்லூரி நகரம், கலை நகரம், எளிமையின் நகரம் என்கிற பாராட்டுகள் பல நேரம் இந்தக் கணக்கை மூடுகிற அலங்காரத் துணிகள். வெளியூர் மாணவர் அங்கிரிங்கான் பெஞ்சில் உட்கார்ந்து ‘எவ்வளவு அழகான எளிமை’ என்று பதிவு போடுவதில் ஓர் அசட்டுத்தனம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூலிக்கணக்கு கண்ணில் படுகிற ஒரே இடமும் அந்த பெஞ்சுதான். அரண்மனைச் சுற்றுலாவில் அது வராது. பொட்டலம் கட்டுபவர் ஒரு வீட்டில், குச்சி கோப்பவர் இன்னொரு வீட்டில், வண்டிக்காரர் விற்ற கணக்குக்கு மட்டும் காசு கொடுப்பார், மிஞ்சியது திரும்பிப் போகும் என்கிற ஏற்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாணவர், ரசிப்பதோடு நின்றுவிட மாட்டார்.

மாலியோபோரோவில் நடந்ததையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். துகு கம்பத்திலிருந்து அந்தத் தெரு வழியாக அரண்மனைக்கும், அங்கிருந்து தெற்கே கிரப்யாக் மேடைக்கும் ஒரே நேர்கோடு ஓடுகிறது. 1755இல் மாதரம் அரசு இரண்டாகப் பிரிந்தபின் முதலாம் சுல்தான் வகுத்த நகரத் திட்டம் அது. ‘யோக்யகர்த்தாவின் பிரபஞ்ச அச்சு’ என்ற பெயரில் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்னதாக, 2022 பிப்ரவரியில், அந்தத் தெருவின் நடைபாதையில் பல பத்தாண்டுகளாகக் கடை போட்டிருந்தவர்கள் ‘தெராஸ் மாலியோபோரோ’ என்ற இரண்டு வளாகங்களுக்குள் மாற்றப்பட்டார்கள். இரண்டாவது வளாகத்தில் இருந்தவர்களை 2025 தொடக்கத்தில், அவர்கள் எதிர்ப்பையும் மீறி, மறுபடி வேறிடத்துக்குக் கிளப்பினார்கள். நடக்க இடம் வேண்டும், அச்சு தெரியவேண்டும் என்கிற அரசுத் தரப்பு வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை; அந்த நடைபாதையில் முன்பு தோள் இடிக்காமல் நடக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மரபுரிமை என்கிற சொல்லுக்குள் கோடு வந்தது, கம்பம் வந்தது, மதில் வந்தது. அந்தக் கோட்டில் சாயங்காலமானால் பாய் விரித்துச் சோறு போட்டவர்கள் வரவில்லை. கல் இருக்கிற இடத்திலேயே இருக்கும், பத்து ஆண்டு கழித்தும் போய்ப் பார்க்கலாம். நடைபாதைப் பாயைப் பற்றி அப்படிச் சொல்லமுடியவில்லை. எதை முதலில் பார்ப்பது என்கிற கேள்விக்கு இதைவிட நடைமுறைக்கு ஒத்த காரணம் என்னிடம் இல்லை.

சைவம் மட்டும் உண்பவர்களுக்கு இந்தத் திட்டம் எளிதல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். காய்கறியில்கூடத் தெராசி எனப்படும் கூனி விழுது கலந்திருக்கும், குடெக்கோ கோழியோடும் தோலோடும்தான் தட்டுக்கு வரும். பலாப்பிஞ்சும் டெம்பேயும் டோஃபுவும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்கத் தயங்காதவர் பட்டினி கிடக்கமாட்டார்.

இரண்டு நாளில் இவ்வளவும் தெரிந்துவிடுமா என்பது கடைசி மறுப்பு. தெரியாது. இரண்டு நாள் என்கிற அளவே அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்ததுதான். சனிக்கிழமை இரவை இந்தோனேசியர்கள் ‘மாலாம் மிங்கு’, ஞாயிற்றின் இரவு என்கிறார்கள். பொழுது சாய்ந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. ஜாவானியச் சந்தைகள் ஏழு நாள் வாரத்தையே பொருட்படுத்துவதில்லை. லெகி, பாஹிங், பொன், வாகெ, கிளிவோன் என்று ஐந்து நாள் சுற்று ஒன்று அதற்கு இணையாக ஓடுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மாதரம் அரசின் தலைநகராயிருந்த கோத்தகெடே இப்போது ஜோக்ஜாவின் தென்கிழக்கு மூலையில் ஒரு வெள்ளிப்பட்டறைப் பேட்டை. அங்குள்ள சந்தையின் பெயரே லெகிச் சந்தை. லெகி நாளில்தான் அது தெருவெல்லாம் வழிந்து ஓடும். கோழிக்குஞ்சும் நாற்றும் மூங்கில் கூடையும், தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுட்ட கட்டைவிரல் பருமன் ‘கிபோ’வும். ‘இக்கி ஒப்போ?’, இது என்ன, என்று எல்லாரும் கேட்டதால் வந்த பெயராம். ஐந்தும் ஏழும் பெருக்கினால் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்து நாள் சுற்றில் லெகி ஒருமுறை சனிக்கிழமையிலும் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையிலும் விழும். ஐந்து வார இறுதிகளில் இரண்டில் மட்டும் சந்தை நிறைந்திருக்கும். மற்ற மூன்றில் வந்து இறங்குகிற மாணவருக்குக் கிபோ கிடைக்கும், கூட்டம் இருக்காது. அடுத்த லெகி எப்போது என்று விற்கிற அம்மாவிடம் கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். அது செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம், மாணவருக்கு அன்று வகுப்பு இருக்கும்.